தேயும் பொருளுக்கு வாக்குக் கொடுப்பவனுக்கு

அன்புள்ள மருமகனுக்கு,

வால்வு ஆம்ப்ளிஃபயர் செய்து விற்கவும் பழுது பார்க்கவும் கடை போடுகிறாய் என்று உன் அம்மா போனில் சொன்னாள். "இந்தக் காலத்தில் வால்வா?" என்று அவளுக்குக் கவலை. 1947ல் டிரான்சிஸ்டர் பிறந்தபோதே வால்வு செத்துப்போகும் என்று சொன்னவர்கள் உண்டு. ஸ்லோவாக்கியாவின் சாட்சாவிலும் ரஷ்யாவின் சராத்தவிலும் சீனாவிலும் இன்றைக்கும் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். வாங்க ஆள் இருக்கிறது, தொழில் நடக்கும். ஒலி எதில் மேல் என்ற வழக்குக்குள் நான் வரவில்லை, காது அவரவருடையது. சர்க்யூட்டும் உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தேய்ந்துபோகிற ஒரு பொருளை விற்றுவிட்டு அதற்கு நீ கொடுக்கப்போகும் வாக்கைப் பற்றி மட்டும் சில சொல்கிறேன். கேட்டுக்கொள்.

1. வால்வு தேயும் என்பதை விற்கும் முன்பே சொல்லிவிடு. வால்வுக்குள் இருக்கும் கேத்தோடின் மேல் பேரியம், ஸ்ட்ரான்ஷியம் ஆக்ஸைடு பூச்சு இருக்கிறது. ஹீட்டர் அதை 800 டிகிரிக்குப் பக்கத்தில் சூடாக்க, அதிலிருந்துதான் எலக்ட்ரான் கிளம்புகிறது. பாட்டு ஓடுகிற ஒவ்வொரு மணி நேரமும் அந்தப் பூச்சு கொஞ்சம் செலவாகிறது. யாரும் தப்பு செய்யாமலே தீர்ந்துபோகிற பொருள் அது. பவர் வால்வு பொதுவாக 1,500 மணி நேரத்திலிருந்து 3,000 மணி நேரம் வரை உழைக்கும். முன்வரிசையில் இருக்கும் 12ஏஎக்ஸ்7 போன்ற சின்ன வால்வுகள் 5,000, 10,000 என்று போகும். தினம் மூன்று மணி நேரம் பாட்டுக் கேட்பவருக்கு 2,000 மணி நேரம் என்பது இரண்டு வருடம்கூட இல்லை. இந்தக் கணக்கை அவர் பர்ஸைத் திறக்கும் முன் அவர் எதிரிலேயே போட்டுக் காட்டு. அடுத்த செட் வால்வு இன்றைய விலையில் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துச் சொல். சிலர் எழுந்து போய்விடுவார்கள். போகட்டும். பின்னால் சண்டைக்கு வரப்போகிறவர் முன்னாலேயே போவது லாபம்தான்.

2. "ஆம்ப்ளிஃபயருக்கு மூன்று வருடம் வாரண்டி, வால்வுக்கு மட்டும் 90 நாளா? ஏமாற்று வேலையாக இருக்கிறதே!" என்று கேட்பார்கள். சிரிக்காதே, கோபப்படாதே. நியாயமான கேள்வி அது. வண்டிக்கு வாரண்டி கொடுக்கிற கம்பெனி தேய்ந்த டயருக்குக் கொடுப்பதில்லை என்று தொடங்கினால் அவருக்குச் சட்டென்று பிடிபடும். ஆனால் அதோடு நிறுத்தினால் பாதி உண்மைதான் சொன்னதாகும். மீதிப் பாதி இது: வால்வின் பிறவிக் குறைகள், அதாவது சரியாக ஒட்டாத வெல்டு, நுண்ணிய காற்றுக் கசிவு, ஆடுகிற கிரிட், பெரும்பாலும் முதல் நூறு மணி நேரத்துக்குள் தலைகாட்டிவிடும். தினம் மூன்று மணி நேரம் என்றால் 90 நாளில் 270 மணி நேரம் ஓடிவிடுகிறது. செய்தவன் தப்பா என்று கண்டுபிடிக்க அது போதும். அதற்குப் பிறகு வருவதில் பெரும்பகுதி தேய்வு.

ஊர் உலகத்தில் 90 நாளும் ஆறு மாதமும்தான் வழக்கம். அதற்காக "யாருமே அதிகம் தருவதில்லை" என்று சொல்லிவிடாதே. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்து ராஸ்வில்லில் செய்கிற வெஸ்டர்ன் எலக்ட்ரிக் 300பி வால்வுக்கு ஐந்து வருட வாரண்டி உண்டு. அதன் விலையும் அதற்கேற்ற மாதிரிதான். விஷயம் தெரிந்த வாடிக்கையாளர் இதைச் சொல்லி உன்னை மடக்குவதற்கு முன், நீயே சொல்லிவிடுவது மரியாதை.

3. வாங்கினவரை வாரண்டிக்குள் நன்றாகப் பயன்படுத்தச் சொல். விலை உயர்ந்த பொருள் என்பதால் விருந்தாளி வந்தால் மட்டும் போடுகிறவர்கள் நம் ஊரில் நிறைய. 90 நாளில் பத்து மணி நேரம்தான் ஓடியிருக்கும். குறை 91ம் நாள் தெரியும்.

இதைவிட மோசம், உதிரி வால்வு. எனக்குப் பழக்கமான ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் முன்யோசனையோடு நான்கு இஎல்34 வாங்கிப் பீரோவில், பட்டுப்புடவைகளுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். தேவைப்பட்டபோது பெட்டியைத் திறந்தால், ஒன்றின் உச்சியில் வெள்ளி மாதிரி மின்னவேண்டிய பூச்சு சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்துக் கிடந்தது. வெள்ளி வெளுத்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது என்று அர்த்தம். ஒரு நிமிடம்கூட ஓடாத வால்வு. பில் தேதிக்கு இரண்டு வருடம் ஆகியிருந்தது. விற்ற கடைக்காரர் மிகவும் பணிவாகக் கையை விரித்தார். உதிரி வாங்குகிறவரிடம், "வாங்கிய வாரத்திலேயே மாட்டி, சில நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு உள்ளே வையுங்கள்" என்று சொல்ல உனக்கு ஒரு காசு செலவில்லை.

4. தேய்வையும் பழுதையும் பிரித்தறிகிற கண் உனக்கு வேண்டும். தேய்வு மெதுவாக வரும். கீழ்ஸ்தாயி தளரும், சத்தம் குறையும், மீட்டரில் கரண்ட் மாதத்துக்கு மாதம் இறங்கும். கேட்கிறவர் அதற்குப் பழகிப்போவதால் அவருக்கே தெரியாது. பழுது அப்படியில்லை. ஒரு நாள் திடீரென்று படபடக்கும், அல்லது கண்ணாடியை விரலால் தட்டினால் ஸ்பீக்கரில் டங்கென்று கேட்கும், அல்லது பிளேட் செக்கச்செவேலென்று பழுக்கும். கண்ணாடியின் உட்பக்கம் ஒட்டினாற்போல் தெரிகிற நீல ஒளி நோயல்ல. பயந்து எடுத்துக்கொண்டு வருவார்கள், தைரியம் சொல்லி அனுப்பு. கம்பிகளுக்கு நடுவே ஊதா நிறத்தில் புகை மாதிரி நின்றால் மட்டும் வாயு புகுந்திருக்கிறது.

சந்தேகம் வந்தால் வாடிக்கையாளர் பார்க்கும்போதே, ஆம்ப்ளிஃபயரை அணைத்து ஆறவிட்டு, இடது வலது வால்வுகளை இடம் மாற்றிப் போடு. குறை வால்வோடு போனால் வால்வில். அதே சாக்கெட்டில் நின்றுவிட்டால் ஆம்ப்ளிஃபயரில். பயாஸைத் திரும்பப் பார்க்க மறக்காதே. இதில் உன் வாய்ச்சொல்லுக்கு வேலையே இல்லை. அவரே தீர்ப்பைக் கண்ணால் பார்த்துவிடுகிறார்.

5. போன வால்வைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டும் முன் ஒரு மூச்சு நிறுத்து. இது ஏன் போனது?

என் வாத்தியாரோடு திருவிழா மைக் செட்டுகளுக்குப் போன காலம் அது. கோபுரத்துக்கு இரண்டு பக்கமும் குழாய் ஸ்பீக்கர், பந்தலுக்குப் பின்னால் வால்வு ஆம்ப்ளிஃபயர். ஓர் ஊரில் மைக் செட்காரர் பொழுது சாய்ந்ததிலிருந்து ஒரே சாக்கெட்டில் வால்வு மாற்றிக்கொண்டிருந்தார். மாட்டிய கொஞ்ச நேரத்தில் பிளேட் சிவந்துவிடும். கைவசம் இருந்ததெல்லாம் தீர்ந்து, "கம்பெனி ஏமாற்றிவிட்டான், முழுப் பெட்டியையும் திருப்பிக் கொடுக்கப்போகிறேன்" என்று கத்திக்கொண்டிருந்தார். வாத்தியார் பேசவில்லை. வால்வைக் கழற்றிவிட்டு, கிரிட் காலில் மீட்டரை வைத்தார். மைனஸ் வோல்ட் இருக்கவேண்டிய இடத்தில் பிளஸ் ஏறிக்கொண்டிருந்தது. முந்தின ஸ்டேஜிலிருந்து வருகிற கண்டன்சர் கசிகிறது. சில்லறை விலைக்குக் கிடைக்கிற சாமான். அதை மாற்றிய பிறகு விடிய விடிய நாதஸ்வரம் கேட்டது. திரும்பி வரும்போது மாட்டுவண்டியில் சொன்னார்: "செத்துக் கிடக்கிறவனையே எல்லாரும் கொலைகாரன் என்கிறார்கள், பாத்தியாடா."

அந்த வால்வுகளை வாரண்டியில் திருப்பிக் கொடுத்திருந்தால், கம்பெனிக்காரர்கள் புதியது கொடுத்தும் இருப்பார்கள். யாருக்கும் தெரிந்திருக்காது. உன்னிடமும் இப்படி வால்வுகள் வந்து சேரும். "தயாரிப்புக் குறை" என்று சீட்டு எழுதி மேலே அனுப்பினால் புதியது வரும். எழுதுவதற்கு முன் கிரிட்டில் மீட்டர் வைத்துப் பார்த்தாயா என்று உன்னை நீயே கேட்டுக்கொள்.

6. பயாஸில் பேராசை வேண்டாம். இஎல்34 பிளேட் தாங்குவது 25 வாட். எழுபது சதவீதத்தில் வைத்தால் 17.5 வாட், பிளேட்டில் 450 வோல்ட் இருந்தால் வால்வு ஒன்றுக்கு 39 மில்லி ஆம்பியர். இதற்கு மேல் ஏற்றினால் ஒலி இன்னும் கனிவாகிறது என்று சிலர் கேட்டுக்கொள்வார்கள். ஏற்றித் தரலாம்; ஆயுள் குறையும் என்பதையும் அதே மூச்சில் சொல்லி, வைத்த கரண்டை பில்லிலேயே எழுதிக் கொடு. ஃபிக்ஸட் பயாஸ் செட்டில் புது ஜோடி மாட்டினால் பயாஸ் திரும்ப வைத்தே ஆகவேண்டும். கேத்தோடு பயாஸ் என்றால் அது தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். ஜோடி பொருத்திய வால்வில் ஒன்று போனால் இரண்டையும் மாற்றுவாயா, ஒன்றுக்குத்தான் வாரண்டியா என்பதையும் முதலிலேயே சொல்லிவிடு. பெரிய சண்டைகள் எல்லாம் இந்தச் சின்ன இடத்தில்தான் வெடிக்கின்றன.

வெளியே பயாஸ் திருகு இல்லாத செட்டை வாடிக்கையாளர் தானே திறந்து பார்க்கட்டும் என்று விடாதே. உள்ளே 400, 500 வோல்ட். ஸ்விட்சை அணைத்த பிறகும் ஃபில்டர் கண்டன்சரில் அது உட்கார்ந்திருக்கும். ரெசிஸ்டர் வைத்து இறக்கி, மீட்டரில் பார்த்துவிட்டுக் கை வை. ஒரு கை சட்டைப் பையில் இருக்கட்டும்.

7. நம் வீட்டு மின்சாரத்தைப் பற்றி வெளிநாட்டு வாரண்டிச் சீட்டு எழுதியவனுக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். 220 வோல்ட் என்று குறித்த செட்டை 240 வருகிற வீட்டில் மாட்டினால், 6.3 வோல்ட் ஹீட்டருக்கு 6.9 போகிறது. பிளேட் வோல்டேஜும் அதே கணக்கில் ஏறுகிறது. மாலையில் எல்லா வீட்டிலும் விளக்கெரியும் நேரத்தில் வோல்டேஜ் படுத்துவிடும் ஊர்களும் உண்டு. சூடு போதாத கேத்தோடிலிருந்து கரண்டை இழுப்பதும் பூச்சுக்குக் கேடுதான். வருடா வருடம் வால்வு போகிறது என்று ஒருவர் வந்தால், வால்வைத் திட்டாதே, அவர் வீட்டுக்குப் போ. மீட்டரை எடுத்துக்கொண்டு ராத்திரி ஒருமுறை, பகலில் ஒருமுறை பார். நல்ல ஸ்டெபிலைசர் ஒன்று மூன்று செட் வால்வைக் காப்பாற்றும்.

போன இடத்தில் இன்னும் சிலவும் கண்ணில் படும். கண்ணாடிக் கதவு போட்ட அலமாரிக்குள் ஆம்ப்ளிஃபயர். அதன் மேல் பூவேலை செய்த துணி. (எங்கள் தலைமுறை டி.வி.க்குப் போர்த்திய துணிதான். அந்தப் பழக்கம் நம்மை விடாது.) காலையில் சுப்ரபாதத்துக்குப் போட்டதை ராத்திரிவரை அணைக்காமல் விடுகிற வீடுகள். பாட்டு இல்லாவிட்டாலும் சூடாக இருக்கிற ஒவ்வொரு மணி நேரமும் கணக்கில் சேரும். ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கிவிட்டு வால்யூமைத் திருகினால் வால்வோடு போகாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரே போய்விடும். இதையெல்லாம் அந்த வீட்டுப் பெரியவரிடம் குற்றம் சாட்டுகிற குரலில் சொல்லாதே. பேத்திக்குச் சொல், அவள் பார்த்துக்கொள்வாள்.

8. வெளிநாட்டிலிருந்து சூட்கேசில் வந்த செட்டுக்கு வாரண்டி வேலை கேட்டு வருவார்கள். பெரும்பாலான கம்பெனிகளின் வாரண்டி வாங்கிய நாட்டோடு நின்றுவிடும். சீட்டைப் படித்துக் காட்டி, பிறகு கூலிக்குச் செய்து கொடு. படிக்காமல் "பார்க்கலாம்" என்று சொல்லி வாங்கி வைத்துக்கொள்ளாதே.

9. பழைய சரக்கு வால்வு விற்கும்போது நாக்கை அடக்கு. பிளாக்பர்னில் செய்த முல்லார்டுக்கும், 1961லிருந்து பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் (பெல்) செய்த வால்வுக்கும் இன்னும் தேடி வருகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தயாரிப்புகள் நின்று பல பத்தாண்டுகள் ஆகின்றன. பழைய அட்டைப்பெட்டிக்குள் புது வால்வைப் போடவும், கண்ணாடியில் இருக்கும் எழுத்தைத் துடைத்துவிட்டு வேறு பெயர் அச்சிடவும் உலகத்தில் ஆள் இருக்கிறது. "ஒரிஜினல், ஆயுசுக்கும் போகாது" என்ற சொல் உன் கடையில் கேட்கக்கூடாது. டெஸ்டரில் எவ்வளவு காட்டியது, எத்தனை நாள் உன் பொறுப்பு, இவ்வளவுதான்.

இதோடு இன்னொன்று. 2022ல் ரஷ்யா ஏற்றுமதியை நிறுத்தியபோது சராத்தவ் சரக்கு தடைப்பட்டு உலகம் முழுக்க வால்வு விலை ஏறியது. "இதே வால்வுதான் மாற்றித் தருவேன்" என்று எழுதிக் கொடுத்தவர்கள் அப்போது விழித்தார்கள். அதே கம்பெனி கிடைக்காவிட்டால் அதற்கு நிகரானது, அல்லது பணம் திரும்ப, என்று எழுது. உன் கையில் இல்லாததை வாக்காகக் கொடுக்காதே.

10. 95ம் நாள் ஒருவர் வருவார். கட்டாயம் வருவார். வாரண்டி முடிந்து ஐந்து நாள். கையில் துணி சுற்றிய வால்வு, முகத்தில் தயக்கம்.

வாரண்டிச் சீட்டுப்படி உனக்குக் கடமை இல்லை. ஆனால் பில்லை வாங்கித் தேதியைத் தேடுவது உன் முதல் வேலையாக இருக்கக்கூடாது. முதலில் வால்வைப் பார். உள்ளே கிரிட் ஆடுகிறதா, உச்சி வெளுத்திருக்கிறதா? அப்படியானால் அது தொழிற்சாலையிலிருந்தே குறையோடு வந்தது. தேதி ஐந்து நாள் தாண்டியதால் குறை தேய்வாக மாறிவிடாது. மேலே இருப்பவன் ஒத்துக்கொள்ளாவிட்டால் பாதி விலையை நீ ஏற்றுக்கொள். வால்வு நன்றாக உழைத்துத் தேய்ந்திருந்தால், மீட்டரைக் காட்டி, முழு விலை வாங்கு. அதில் கூச்சம் வேண்டாம். இரக்கப்பட்டு எல்லாருக்கும் இலவசமாக மாற்றிக் கொடுத்துக் கடையை மூடியவரையும் எனக்குத் தெரியும். அவரை நம்பி வாங்கியவர்களுக்கு அதற்குப் பிறகு வாரண்டியும் இல்லை, அவரும் இல்லை.

இன்னொரு சங்கடம் இருக்கிறது. காரில் வருகிறவருக்கு விதி தளரும், டவுன் பஸ்ஸில் வருகிறவருக்கு இறுகும். வேண்டுமென்று யாரும் செய்வதில்லை, தானாக வாயில் வரும். உரக்கப் பேசுகிறவருக்குக் கிடைப்பது, பேசத் தெரியாமல் நிற்கிறவருக்குக் கிடைப்பதில்லை. தயங்கி நிற்பவரின் வால்வை நீயே கேட்டு வாங்கிப் பார்.

11. ஒரு நோட்டு போடு. விற்ற தேதி, பிளேட் வோல்ட், ஒவ்வொரு வால்வின் கரண்ட், அவர் வீட்டு வோல்டேஜ், தினம் எத்தனை மணி நேரம் கேட்பார். வால்வின் பேஸில் சின்னதாக ஒரு எண். அதே விவரம் அவர் கையிலும் ஒரு தாளில். ஆறு மாதம் கழித்து அவர் சொல்வதும் உனக்கு நினைவிருப்பதும் வேறு வேறாக இருக்கும், தாள் மாறாது. 2019ம் வருடத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி புகார் கொடுக்க இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது. அதுவரைக்குமாவது நோட்டைப் பத்திரமாக வை. எலி தின்றது, மழையில் நனைந்தது என்று அங்கே போய்ச் சொல்ல முடியாது.

12. கடைசியாக, வாரண்டி அட்டை. அதை அச்சகத்தில் இருக்கும் பழைய மாதிரியைப் பார்த்து எழுதாதே. நீயே உட்கார்ந்து தமிழில் எழுது. ஆம்ப்ளிஃபயருக்கு எவ்வளவு, டிரான்ஸ்ஃபார்மருக்கு எவ்வளவு, வால்வுக்கு எவ்வளவு என்று தனித்தனி வரி. தேய்வு என்று எதைச் சொல்கிறாய், பழுது என்று எதைச் சொல்கிறாய், யார் பார்த்து முடிவு செய்வது, போக்குவரத்துச் செலவு யாருடையது. அடியில் உன் போன் எண். அதற்கும் கீழே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணையும் போடு, பயப்படாதே, போடு. எழுதி முடித்ததும் அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு நகல் எனக்கு அனுப்பு. புதுக் கண்ணாடி போட்டிருக்கிறேன், பொடி எழுத்தும் தெரிகிறது. பொடி எழுத்தே இல்லாமல் அனுப்பினால் இன்னும் சந்தோஷம்.